காலைப் பாருங்க: அமெரிக்கன் ஃபுட்போல் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டெரிக் ஹென்ரியும் பழைய ஏர்ல் காம்ப்பெல்லும் ஆக்கள இடிச்சுத் தள்ளிட்டு ஓடுறவங்கதானே, ஒரே ஸ்டைல்தானே? கனடாவில இருக்கிற என்ட மச்சான் இல்லவே இல்லையெண்டு சண்டை பிடிக்கான். (கல்முனை வாசகர்)

பதில்: உங்கட மச்சான் சொல்றதுதான் சரி தம்பி. ரெண்டு பேரும் பவர் ரன்னிங் பேக்தான் (பந்தை வாங்கி, மறிக்கிற ஆக்கள இடிச்சுக்கொண்டு ஓடுறவங்க), ஆனா அந்த பவர் எங்க இருந்து வருது எண்டு பாத்தீங்கண்டா ரெண்டு பேரும் ரெண்டு திசை. காம்ப்பெல் 5 அடி 11 அங்குலம், 105 கிலோ அளவு, தொடை மட்டும் 34 அங்குலச் சுற்று. பந்தைக் கையில வாங்கி ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள முழு வேகத்துக்கு வந்துடுவார், தோள் நல்லாப் பதிஞ்சிரும், முன்னுக்கு நிக்கிற ஆள விலத்திப் போக இடமிருந்தாலும் கனதரம் விலத்த மாட்டார், நேராப் போய் நெஞ்சில ஏறுவார். 1978ல ராம்ஸ் ரீமுக்கு எதிரா விளையாடக்குள்ள ஐசையா ரொபர்ட்சன் எண்ட லைன்பேக்கர்ட (ஓடி வாறவர மறிக்கிற ஆள்) நெஞ்சில தலையால முட்டி மல்லாக்க விழுத்திட்டுப் போன வீடியோ இருக்கு, பின்னால வந்தவங்க சேர்ட்டைப் புடிச்சுக் கிழிச்சும் ஆள் நிக்கல்ல. அதே வருசம் நவம்பர் 20, திங்கக்கிழமை ராத்திரி மேட்ச், மயாமிக்கு எதிரா 199 யார்ட் (ஒரு யார்ட் 3 அடி), 4 டச்டவுன் (எதிராளிட கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போறது), கடைசி டச்டவுன் 81 யார்ட் ஓட்டம். அதுதான் அவர்ட முதல் சீசன் எண்டத மறந்துராதீங்க.

ஹென்ரி 6 அடி 3 அங்குலம், 112 கிலோ. இந்த உயரத்தோட குனிஞ்சு ஓடுறது லேசில்ல, அதால அவர்ட முதல் ரெண்டு மூணு எட்டு கொஞ்சம் மெதுவாத்தான் தெரியும், அவரப் பிடிக்கிறதெண்டா அந்த நேரத்துக்குள்ள லைனுக்கு (ரெண்டு ரீம் ஆக்களும் நேருக்கு நேர் நிக்கிற இடம்) பின்னாலயே காலைக் கட்டிப் பிடிக்கணும், அத விட்டாச்செண்டா மாரியில உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்த மாதிரித்தான், தூரம் போகப் போக வேகமும் கூடும் கனமும் கூடும், பிறகு ஒருத்தராலயும் மறிக்கேலாது. 2018 டிசம்பர்ல ஜாக்சன்வில்லுக்கு எதிரா 99 யார்ட் ஓடினாரே, அதை மெதுவாப் போட்டுப் பாருங்க. வழியில வந்தவங்க ஒருத்தரையும் அவர் தலையால முட்டல்ல, நீட்டின கையால தலையிலயும் தோளிலயும் அமத்தித் தள்ளிட்டுப் போறார். இதைத்தான் ஸ்டிஃப் ஆர்ம் எண்டு சொல்றது. கை நீளமான ஆளுக்கு அது பெரிய ஆயுதம், ஏனெண்டா எதிராளி உடம்புக்குக் கிட்ட வர முதலே சங்கதி முடிஞ்சிரும்.

ஆக ஒருத்தர் மோதலத் தேடிப் போறவர், மற்றவர் மோதல உடம்புக்கு எட்டவா வச்சிருக்கிறவர். 2020 சீசன்ல 2,027 யார்ட் ஓடின ஹென்ரி 2024ல 30 வயசில பால்டிமோர் ரீமுக்குப் போயும் 1,921 யார்ட் ஓடினார், காம்ப்பெல்லோ 1980ல 1,934 ஓடிட்டு மொத்தமா 8 சீசன்தான் நிண்டு புடிச்சார். கால மாற்றம், வைத்திய வசதி, ட்ரெய்னிங் எல்லாம் இதில இருக்கு, அத நான் மறுக்கல்ல. எண்டாலும் அந்தக் கை நீளமும் ஒரு காரணமெண்டுதான் நான் நம்புறன்.

கேள்வி: சேர், எனக்கு இந்த விளையாட்டே விளங்குதில்ல. ரன்னிங் பேக் எண்டா யாரு? (ஆரையம்பதி வாசகி)

பதில்: 4 தரம் முயற்சி செஞ்சு 10 யார்ட் முன்னேறணும் தங்கச்சி, முன்னேறினா திரும்பவும் 4 தரம் கிடைக்கும், அவ்வளவுதான் அடிப்படை. ஆட்டத்தை நடத்துற குவாட்டர்பேக் பந்தை எறியலாம், இல்லாட்டி பின்னால நிக்கிற ரன்னிங் பேக்கிட்ட குடுக்கலாம். குடுத்தா அவர் ஓடணும். ரக்பி பாக்கிற ஆக்களுக்கு ஒரு விஷயம் புதுசா இருக்கும், இதில பந்து இல்லாத ஆக்கள் எதிராளியத் தள்ளி வழி விடலாம், அதுதான் பிளாக். 10 யார்டுக்கு இன்னும் 1 யார்ட் மிச்சம், எல்லாருக்கும் அடுத்து என்ன வரும் எண்டு தெரியும், அந்த நேரத்திலதான் பவர் பேக்குக்கு வேலை. 1983 ஜனவரியில நடந்த 17வது சூப்பர் போல்ல (சீசன்ட இறுதி மேட்ச்) ஜோன் ரிக்கின்ஸ் எண்ட ரன்னிங் பேக் 4வது முயற்சியில அந்த 1 யார்டுக்காக ஓடப் போய், பிடிக்க வந்தவர்ட கைய உதறிட்டு 43 யார்ட் ஓடி டச்டவுன் போட்டார், மேட்சே அதோட மாறிப் போச்சு.

கேள்வி: பாரமான ஆளெண்டா பவர் தானா வரும்தானே? உங்களுக்கு ஆர் விருப்பம்? (கல்லடி வாசகர்)

பதில்: பாரம் மட்டும் காணாது தம்பி. ஜெரோம் பெட்டிஸ் 114 கிலோவுக்குக் கிட்ட, பட்டப் பேரே பஸ்தான், ஆனா அவர்ட ஓட்டத்தைப் பாக்கக்குள்ள தோளை விட்டுட்டுக் காலை மட்டும் பாருங்க. சின்னச் சின்ன எட்டா வச்சு, லைனுக்குள்ள இடம் துறக்கும் வரைக்கும் அங்கயும் இங்கயும் மெல்ல அசைஞ்சு, இடம் கண்ட உடனதான் பாரத்தை இறக்குவார். இவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கால் வேலை இல்லாட்டி 13,662 யார்ட் வந்திருக்காது. மாஷோன் லிஞ்ச் வேற மாதிரி, அவர் ஹென்ரியளவு உயரமுமில்ல பெட்டிஸளவு பாரமுமில்ல, ஆனா அடி விழுந்த பிறகும் காலை நிப்பாட்ட மாட்டார். இடுப்பு ஒரு பக்கம் சரியும், ஒரு கை நிலத்தில பட்டிரும் போல இருக்கும், கால் மட்டும் அடிச்சுக்கொண்டே இருக்கும். 2011 ஜனவரி 8, சியாட்டிலில 67 யார்ட் ஓட்டம், ஏழெட்டுப் பேர் பிடிச்சும் விழல்ல, சனம் துள்ளின துள்ளில ஸ்டேடியத்துக்குக் கிட்ட இருந்த நிலநடுக்கக் கருவியிலயே அது பதிவாகிட்டு. அண்டைக்குத் தோத்தது நியூ ஓர்லியன்ஸ் ரீம். நியூ ஓர்லியன்ஸ் எண்ட பேர் நமக்குப் புதுசில்ல, அந்தப் பக்கமிருந்து வந்த இயேசுசபைப் பாதர்மார்தான் மட்டக்களப்பில பாஸ்கட்போல வளத்தவங்க, வெபர் மைதானம் எண்டு நாம சொல்றதும் அவங்கள்ல ஒருத்தர்ட பேர்தான்.

என்ட விருப்பத்தைக் கேட்டா ஜிம் பிரவுன், அதில எனக்கு ரெண்டாம் பேச்சில்ல. 1957 தொடக்கம் 1965 வரைக்கும் 9 சீசன், ஒரு மேட்சும் தவறவிடாம 118 மேட்ச், 12,312 யார்ட், ஒரு ஓட்டத்துக்கு சராசரி 5.2 யார்ட், அந்த 9ல 8 சீசன் NFL எண்ட அந்தப் பெரிய லீக்கிலயே ஆகக் கூட ஓடினது அவர்தான். பலத்தை எங்க செலவழிக்கிறது எங்க மிச்சம் பிடிக்கிறது எண்டு தெரிஞ்ச மனுசன். விலத்தேலுமெண்டா விலத்துவார், ஏலாட்டி முழங்கையைக் குடுப்பார், காலைப் பிடிக்க விட்டுட்டு சட்டெண்டு உருவி எடுப்பார். ஒவ்வொரு தரமும் விழுந்த பிறகு மெதுவாத்தான் எழும்புவார், நோகுதா இல்லையா எண்டு எதிராளிக்கு எப்பவும் தெரியக்கூடாதெண்டு. காம்ப்பெல்ட தைரியம், ஹென்ரிட வேகம், பெட்டிஸ்ட கால் எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் அவரிட்ட முன்னமே இருந்திச்சு.

கேள்வி: நான் ஸ்கூல்ல பரிதிவட்டம் எறியிறன், வயசு 18. இதெல்லாம் சின்ன வயசிலயே தொடங்கணுமா? (பொத்துவில் மாணவர்)

பதில்: கிறிஸ்டியன் ஒக்கோயே எண்டு தேடிப் பாருங்க. நைஜீரியாக்காரர், உங்கள மாதிரிப் பரிதிவட்டம் எறிஞ்சவர், அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில 23 வயசளவிலதான் இந்தப் பந்தையே தொட்டார். 1989ல 1,480 யார்ட் ஓடி லீக்கில முதலாவதா வந்தார். நீங்க எறியிற விளையாட்டில வாற இடுப்பும் தொடையும் வீணாப் போகாது.

கேள்வி: என்ட மகன் காம்ப்பெல்ட வீடியோவைப் பாத்துட்டு கூட்டாளிமாரோட கடற்கரையில தலையால முட்டி விளையாடுறான். பயமா இருக்கு. (வாழைச்சேனை, ஒரு அம்மா)

பதில்: உங்கட பயம் நியாயமானது அம்மா, இண்டைக்கே நிப்பாட்டுங்க. காம்ப்பெல்லுக்கு ஹெல்மெட் இருந்திச்சு, தோளில பேட் இருந்திச்சு, அப்பிடியிருந்தும் பிற்காலத்தில முதுகெலும்பும் முழங்காலும் பழுதாகி நடக்கவே கஷ்டப்பட்டார், அதை மகனுக்குக் காட்டுங்க. 2013ல இருந்து அமெரிக்காவிலயே லைனுக்கு வெளிய வெறும் வெளியில ஓடுறவர் ஹெல்மெட் உச்சியால இடிச்சா 15 யார்ட் தண்டனை. மகனுக்கு விளையாடத்தான் வேணுமெண்டா ஃபிளாக் ஃபுட்போல் இருக்கு, இடுப்பில தொங்கிற கொடியப் பிடுங்கினாப் போதும், இடிக்கத் தேவையில்ல, 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலயும் அதைத்தான் சேத்திருக்காங்க. கொடியக் குடுக்காமத் தப்புறதுக்குப் பெட்டிஸ்ட கால் வேலைதான் வேணும், அதைப் பாத்துப் பழகட்டும்.

கேள்வி: நம்ம நேரத்துக்கு எப்ப பாக்கலாம்? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: செப்டம்பர், ஒக்டோபரில ஞாயிறு ராத்திரி 10.30க்கு முதல் மேட்ச், நவம்பர் பிறந்து அமெரிக்காவில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வச்ச பிறகு 11.30. அங்கத்த ஞாயிறு ராத்திரி மேட்ச் நமக்குத் திங்கக்கிழமை விடிய 5.50க்கு வரும், நேரம் மாறினா 6.50. வேலைக்குப் போற ஆக்களுக்கு அந்த விடியக்காலை மேட்ச்தான் வசதி.