லூயிசைட்டுக்கு மருந்து, கடுகு வாயுவுக்கு இல்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்க்கால மருந்துகள் குறித்த உங்கள் கட்டுரையில், லூயிசைட் என்னும் ஆர்சனிக் நஞ்சுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் மாற்று மருந்து கண்டறியப்பட்டதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். லூயிசைட், கடுகு வாயு இரண்டுமே தோலைக் கொப்புளிக்கச் செய்பவை. முன்னதற்கு இரண்டாம் உலகப்போர் தொடங்கிய ஓராண்டுக்குள் மருந்து கிடைத்தது. 1917இலேயே போரில் பயன்பட்ட பின்னதற்கு இன்றுவரை இல்லை. அக்கறையின்மைதான் காரணமா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

அக்கறையின்மை காரணம் அல்ல. இந்த நஞ்சுகள் தோலின் செல்லுக்குள் எதைப் பற்றுகின்றன, பற்றியதை விடுவிக்க முடியுமா என்பதில்தான் விடை இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த ருடால்ஃப் பீட்டர்ஸ், முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் நச்சுவாயு ஆய்வு நிலையத்திலும் இருந்தவர். ஆனால் அவரை இந்த மருந்தின் பக்கம் கொண்டுவந்தவை புறாக்கள். வைட்டமின் பி1 இல்லாத உணவையே தின்று வந்த புறாவின் தலை முதுகுப்பக்கமாக வளைந்து இழுத்துக்கொள்ளும். அந்த வைட்டமினைச் செலுத்தினால் விரைவிலேயே நிமிர்ந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் சரியாகிற ஒன்று திசுவின் சிதைவாக இருக்க முடியாது, சர்க்கரை உடைந்து உண்டாகும் பைருவேட்டை எரித்து ஆற்றல் தரும் நொதியமைப்பு முடங்கியிருப்பதே நோய் என்று பீட்டர்ஸ் கருதினார். கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்கு முன்பே வேதிவினையில் ஒரு புண் உண்டாகிறது என்ற இந்தக் கருத்தை அவர் 1931இல் முன்வைத்தார். எந்தப் போருக்காகவும் செய்யப்படாத இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆர்சனிக்கும் அதே நொதியமைப்பை முடக்குகிறது என்று தெரிந்தபோது வழி திறந்தது. ஆர்சனிக் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றும் என்பது முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் ஒரே ஒரு கந்தகத் தொகுதி கொண்ட பொருள்களை எவ்வளவு சேர்த்தும் நொதியை லூயிசைட்டிடமிருந்து காக்க முடியவில்லை. பீட்டர்ஸின் குழுவிலிருந்த லாய்ட் ஸ்டாக்கனும் ராபர்ட் தாம்ப்சனும் முடியிலும் தோலிலும் உள்ள கெரட்டின் புரதத்தை லூயிசைட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள். அதில் ஓர் ஆர்சனிக் அணுவுக்கு ஏறத்தாழ இரண்டு கந்தகம் என்ற கணக்கில் நஞ்சு ஒட்டியிருந்தது. அருகருகே இருக்கும் இரு கந்தகங்களுக்கு இடையே அமர்ந்து வளையமாகிவிடுவதுதான் ஆர்சனிக்கின் பலம் என்றால், அதைவிட உறுதியான வளையத்தைத் தரும் சிறு மூலக்கூறு ஒன்றைக் கொடுத்தால் ஆர்சனிக் புரதத்தை விட்டு அதற்கு மாறிவிட வேண்டும். 1940இல் அவர்கள் தயாரித்த, அருகருகே இரு கந்தகத் தொகுதிகள் கொண்ட டைமெர்காப்ரால் அப்படியே செய்தது. லூயிசைட் பட்டுச் சிறிது நேரம் கழித்துத் தடவினாலும் அது தோலுக்குள் ஊடுருவி நஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆய்வு 1945இல்தான் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அந்த நொதியமைப்பில் ஆர்சனிக் பற்றும் இரு கந்தகப் பொருளான லிப்போயிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டதோ 1951இல். இலக்கு கைக்குச் சிக்கும் முன்பே அதன் வடிவத்தை ஊகித்து மருந்து செய்திருக்கிறார்கள்!

கடுகு வாயுவிடம் இந்த வழி செல்லாது. பெயரில்தான் வாயு, அது எண்ணெய் போன்ற திரவம். லூயிசைட் பட்டவுடனே எரியும் என்பதால் பட்டவர் உடனே கழுவ முற்படுவார். கடுகு வாயு பட்டால் சில மணிநேரம் எதுவும் தெரியாது. நனைந்த சட்டையோடே வேலை செய்துகொண்டிருப்பார். அதற்குள் சில நிமிடங்களிலேயே அது தோலின் அடியடுக்குச் செல்களில் டி.என்.ஏ.வோடு எளிதில் பிரிக்க முடியாத சகப்பிணைப்பால் சேர்ந்துவிடும். பிறகு அந்தச் செல்கள் மடிந்து, மேல்தோல் கீழிருந்து பிரிந்து, இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகும். ஆர்சனிக்கைப் போல இன்னொரு கந்தகத்தைக் காட்டி ஆசைகாட்டி இழுக்க இங்கே எதுவும் இல்லை.

ஆய்வு குறைவாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1930களில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக, போர்ட்டன் டவுன் அறிவியலாளர்கள் இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கடுகு வாயுவுக்கு உட்படுத்தியதை 2007இல் வெளிச்சத்துக்கு வந்த பிரிட்டிஷ் ஆவணங்கள் காட்டுகின்றன. இந்தியத் தோல் வெள்ளையர் தோலைவிட அதிகம் வேகுமா என்பது அவர்கள் விடை தேடிய கேள்விகளில் ஒன்று. பலர் தீக்காயம் போன்ற புண்களோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். எவ்வளவு நஞ்சுக்கு எவ்வளவு புண் என்று அளப்பதால் மருந்து கிடைத்துவிடாது. ஆக்ஸ்ஃபோர்டில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. ராவல்பிண்டியில் கேட்கப்பட்டதை அறிவியல் என்று அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வோடு கடுகு வாயு கொள்ளும் அந்தப் பிணைப்பை அவிழ்க்க முயல்வதைவிட, அதற்குப் பின் செல்லுக்குள் தொடரும் ஆற்றல் இழப்பையும் அழற்சியையும் இடைமறிக்கவே பெரிதும் முயல்கிறார்கள். 1987 ஜூன் 28 அன்று ஈரானின் சர்தஷ்த் நகரில் கடுகு வாயுக் குண்டுகளுக்கு ஆளானவர்களில் பலருக்குப் பல்லாண்டுகள் கழித்தும் தோல் வறட்சியும் அரிப்பும் நீங்கவில்லை. அவர்களுக்கு இன்றும் பெரும்பாலும் தரப்படுவது களிம்பும் அரிப்புக்கான மாத்திரையும்தான்.