பதின்வயது மகளைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

பதின்மூன்று வயது மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள், எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறாள், என்ன படித்தால் அவளைப் புரிந்துகொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவுரை நூல்களைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டாம் உலகப்போரில் நாஜிகளிடமிருந்து தப்பக் குடும்பத்துடனும் வேறு சிலருடனும் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை எடுங்கள்; முன்பே படித்திருந்தாலும் இம்முறை ஒரு தாயாகப் படியுங்கள்.

பள்ளி நாட்களில் அதை நான் போர்க்காலக் கதையாகத்தான் படித்தேன். என் மகள் அறைக்கதவைத் தாழிடத் தொடங்கிய ஆண்டில் மறுபடி எடுத்தபோது, 1943 ஏப்ரல் 2ஆம் தேதிக் குறிப்பைத் தாண்ட முடியவில்லை. வழக்கமாக இரவுப் பிரார்த்தனைக்கு உடனிருக்கும் தந்தை வரத் தாமதமாகிறது. நான் கேட்கட்டுமா என்கிறார் தாய் ஈடித். வேண்டாம் என்கிறாள் ஆன். கட்டிலருகே சிறிது நேரம் நின்றுவிட்டுக் கதவுவரை போனவர் திரும்பி, உன்மீது கோபமில்லை, அன்பைக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது என்ற பொருள்படச் சொல்லிக் கண்ணீருடன் வெளியேறுகிறார். தான் கொடுமையாக நடந்துகொண்டது ஆனுக்கும் தெரிகிறது. ஆனால் வேறு விதமாகப் பதில் சொல்ல அவளால் இயலவில்லை. ஒன்பது மாதம் கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டும்போது, அம்மாவைப் பற்றி இவ்வளவு வெறுப்புடன் எழுதியது நான்தானா என்று அவளே திகைக்கிறாள். அந்த ஒன்பது மாதத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் நமக்கு முடிவதில்லை.

1943 ஜூலையில் மேசைக்காக ஒரு சண்டை. தன்னுடன் அறையைப் பகிர்ந்துகொண்ட பல் மருத்துவரிடம், வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் மட்டும் ஒன்றரை மணி நேரம் மேசையைத் தருமாறு பணிவாகவே கேட்கிறாள். புராணம் படிப்பதும் பின்னல் போடுவதும் ஒரு வேலையா என்று அவர் மறுக்க, கடைசியில் தந்தை தலையிட வேண்டியிருக்கிறது. அந்தப் பல் மருத்துவரின் குரலில் நானும் பலமுறை பேசியிருக்கிறேன்.

வாங்கும்போது முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். 1947இல் தந்தை ஓட்டோ வெளியிட்ட முதல் பதிப்பில், அவள் தன் உடலைப் பற்றியும் தாயைப் பற்றியும் எழுதிய சில பகுதிகள் விடுபட்டிருந்தன. உங்களுக்குத் தேவை அவைதாம்.

தமிழில் என்றால் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நாவல். பதின்மூன்று வயதில் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்டவர் எழுதியது என்பதால், பெரிய பெண்களின் பேச்சைக் கேட்டபடி வளரும் சிறுமி ராபியாவின் கண்ணில் பொய் இல்லை.

அறிவுரை நூலும் ஒன்று வேண்டுமென்றால், அமெரிக்க உளவியலாளர் லிசா டாமோரின் 'அன்டேங்கில்ட்' (2016) போதும். மகள் நீச்சல்காரி, பெற்றோர் குளத்தின் சுவர் என்கிறார். களைத்தால் வந்து பற்றிக்கொள்வாள், மூச்சு வந்ததும் சுவரை உதைத்துத்தான் கிளம்புவாள். நேற்றிரவு மடியில் படுத்தவள் இன்று காலை ஏன் எரிந்து விழுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதின்வயதுப் பெண்களைப் பற்றி உளவியலாளர் மேரி பைஃபர் எழுதிய 'ரிவைவிங் ஒஃபீலியா' (1994) புகழ்பெற்றதுதான். தன் மகளுடன் சேர்ந்து 2019இல் அவர் திருத்திய பதிப்பே இன்றைக்குப் பொருந்தும்.

இவற்றை மகள் கண்ணில் படும்படி மட்டும் வைக்காதீர்கள். டாமோரின் நூலை நான் சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னைப் பத்திப் பரீட்சை எழுதப் போறியாம்மா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனாள். அன்று தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.