கொலனோஸ்கோபி செய்த பிறகும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. குடலில் நாள்பட்ட வீக்கம் உண்டாக்கும் க்ரோன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது), வயிற்று சி.டி. ஸ்கேன் இரண்டும் எடுத்தாகிவிட்டது. இப்போது எம்.ஆர். என்டரோகிராபி, அதாவது சிறுகுடலைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எடுக்கச் சொல்கிறார்கள். தேவைதானா? செலவு குறைவாக வரும் சி.டி.யையே மறுபடி எடுத்தால் போதாதா?

பதில்: தேவைதான் அம்மா. கொலனோஸ்கோபி பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மட்டும் எட்டிப் பார்க்கும். பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் க்ரோன் எங்கே வேண்டுமானாலும், விட்டு விட்டு வரலாம். அதுவும் உள்தோலோடு நிற்காது. குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் பரவும், சிலருக்குச் சுவரைத் தாண்டிச் சீழ்க்கட்டியாகவோ ஃபிஸ்டுலாவாகவோ (குடலிலிருந்து வேறு இடத்துக்கு உண்டாகும் புதுத் துளைவழி) ஆகும். கேமராவுக்கு இதெல்லாம் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும்.

சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். திடீரென்று கடும் வலி, காய்ச்சல், நிற்காத வாந்தி என்றால் யோசிக்காமல் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் உங்கள் மகனுக்கு இன்னும் பல வருடங்களுக்குக் கண்காணிப்பு தேவை. ஒவ்வொரு சி.டி.க்கும் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். எம்.ஆர்.ஐ.யில் அது இல்லை. அவசரம் இல்லாத நேரத்தில், இந்த வயதில், நான் எம்.ஆர்.ஐ.யைத்தான் சொல்வேன். குடல் சுருங்கியிருக்கும் இடத்தில் வீக்கம் எவ்வளவு, தழும்பு எவ்வளவு என்று ஊகிக்கவும் அது உதவும். வீக்கம் மருந்துக்குக் குறையும். தழும்பாகிவிட்ட சுருக்கத்துக்கு பலூன் வைத்து விரிப்பதோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், ஸ்கேனை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், குடல் டி.பி. அதுவும் பெரும்பாலும் சிறுகுடல் முடியும் அதே இடத்தில்தான் வரும். நிணநீர்க் கட்டிகள் பெரிதாகி நடுவில் அழுகியிருந்தால் டி.பி. சந்தேகம் கூடும். குடல் நீளமாகப் பாதிக்கப்பட்டு, அதற்குப் போகும் ரத்தக்குழாய்கள் சீப்புப் பல் போலப் புடைத்து நின்றால் க்ரோன் பக்கம் சாயும். டி.பி. இருக்கும்போது நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டோ பயாலஜிக் ஊசியோ கொடுத்தால் அது பரவிவிடலாம். அதனால் டி.பி. இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இந்த ஸ்கேனில் பாதி வேலை உங்கள் மகன் கையில்தான் இருக்கிறது. சில மணி நேரம் வெறும் வயிறு. அப்புறம் மானிட்டால் போன்ற கரைசல் கலந்த தண்ணீரை ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இனிப்பாக இருக்கும், குமட்டும். பாதியில் நிறுத்தினால் குடல் விரியாது. விரியாத குடல் நன்றாக இருந்தாலும் தடித்ததாகத் தெரியும், நோய் இருக்கும் இடமும் தப்பிவிடும். ஏற்கெனவே அடைப்பு அறிகுறி இருந்தால் மட்டும், குடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் முடிந்ததும் சில மணி நேரம் வயிற்றால் போகும், அன்றைக்கே நீண்ட பஸ் பயணம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, கண் அழுத்தம், உடம்பில் உலோகம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆசனவாய் அருகே வலியோ சீழோ இருந்தால் இடுப்புப் பகுதிக்குத் தனி எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

செலவு கவலை நியாயம்தான். அடுத்தடுத்த கண்காணிப்புக்குக் குடல் அல்ட்ராசவுண்டு போதுமா என்று கேட்டுப் பாருங்கள். குடல் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருக்கிறதா, ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று அதிலேயே அளந்துவிடலாம். ஆனால் அதில் பழகிய கை வேண்டும், சாதாரண வயிற்று ஸ்கேன் அதற்கு ஈடாகாது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் வீக்கத்தைக் காட்டும் புரதம்) அளவையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய ஸ்கேன்களைத் தள்ளிப்போட முடியும்.

போகும்போது பழைய சி.டி.யின் ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த டிஸ்க்கையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும்.