சங்கீதத்தில் ஒரு சி

வணக்கம் சேர்,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறேன். சாதாரண தரத்தில் எட்டு ஏ, கர்நாடக சங்கீதத்தில் மட்டும் சி. தரம் 10 இல் சங்கீதத்துக்கு 80க்கு மேல்தான் எடுத்தேன். தரம் 11 தொடங்கினதும் ரீச்சர் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார், பிறகு ஒருவரும் வரவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு முழு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க ஆசை. ஒரு சி இருந்தாலே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று ரியூசனில் ஒரு அண்ணா சொல்கிறார். சங்கீதத்தைத் திரும்ப எடுக்கட்டா? இல்லாவிட்டால் ரீச்சர் இல்லாமல் போனதையே கட்டுரையாக எழுதட்டா? வெள்ளிக்கிழமையில் கோயிலில் தேவாரம் பாடுவதும் ஞாயிறு அறநெறியில் சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். இப்போது அதற்கும் மனம் வருகுதில்லை.

ஒரு மாணவி

*

பிள்ளை,

திரும்ப எடுக்காதே. உயர்தரத்துக்குப் படிக்க வேண்டிய மாதங்களில் இராகமும் தாளமும் பாடமாக்கி, செய்முறைப் பரீட்சைக்கும் போய் நின்று, சியை ஏ ஆக்கி என்ன காணப்போகிறாய்? அந்த அண்ணாவுக்கும் ஒன்று சொல். ஹாவர்டும் எம்.ஐ.ரி.யும் விண்ணப்பிக்கிற நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை. ஒன்பது ஏ வைத்திருப்பவர்களும் அங்கே தூக்கிப் போடப்படுகிறார்கள். கணிதப் பிரிவுப் பிள்ளையிடம் அவர்கள் முதலில் பார்ப்பது கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். விரும்பித் தெரிகிற தொகுதிப் பாடத்தில் விழுந்த ஒரு சி கண்ணில் படும், அவ்வளவுதான். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு என்றால் இந்தக் கேள்வியே இல்லை. அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி உயர்தரத்தின் மூன்று பாடங்களில் இருந்து மட்டும் வருகிறது, சங்கீதம் அதற்குள் எட்டியும் பார்க்காது.

உன்னை ஏசவேண்டிய இடம் வேறு. எட்டு ஏயைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் இருக்கிறாயே, அந்த எட்டும் அங்கே போய்ச் சேரும்போது ஏயாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம் கொமன் அப்ளிகேஷன். அதில் நீ நிரப்புவது பாதிதான். மற்றப் பாதியைப் பாடசாலை அனுப்ப வேண்டும். பாடசாலை அறிக்கை, பரிந்துரைக் கடிதம், தவணைப் புள்ளிகளின் பட்டியல், பாடசாலையைப் பற்றிய விவரத்தாள். சாதாரண தரப் பெறுபேறு தேசியப் பரீட்சை, எங்கள் பக்கத்து விண்ணப்பங்களைப் படிக்கிறவர்களுக்கு அது பழக்கம். ஆனால் அவர்கள் கேட்பது தரம் 9 தொடக்கம் ஒவ்வொரு வருடப் புள்ளியும். அங்கேதான் வில்லங்கம். எங்கள் முறையில் 75 எடுத்தால் ஏ. அமெரிக்காவில் பெரும்பாலான பாடசாலைகளில் ஏ தொடங்குவதே 90இல், 75 என்றால் சி. தவணைப் பரீட்சையில் 76 எடுத்து வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தாய் என்று வை. அளவுகோலை எழுதாமல் அந்த 76ஐ அனுப்பினால் வாசிப்பவர் கண்ணில் நீ ஒரு சிப் பிள்ளை. சங்கீதத்தில் இருந்த ஒரு சிக்காக நித்திரை முழித்துக்கொண்டு, பௌதிகத்திலும் இரசாயனவியலிலும் ஐந்தாறு சியை நீயே உண்டாக்கி அனுப்புவாய்.

ஆகவே பட்டியலை இப்படிச் செய். முன்னேற்ற அறிக்கைகளைத் தேடி எடு. துலைந்ததை வகுப்பாசிரியரின் புள்ளிப் பதிவில் பார்க்கலாம். வருடத்துக்கு மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். பாடத்துக்கு எதிரே உன் புள்ளி, அதன் பக்கத்தில் அந்தத் தவணையில் வகுப்பின் அதிகூடிய புள்ளி, முடிந்தால் வகுப்புச் சராசரியும். இந்த இரண்டு நிரலும் இருந்தால் 76 என்பது என்ன 76 என்று எவருக்கும் விளங்கும். அடியில் அளவுகோலை எழுது: தரம் 11 வரைக்கும் 75இல் இருந்து ஏ, 65இல் இருந்து பி, 50இல் இருந்து சி, 35இல் இருந்து எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. நடக்காத பரீட்சைக்கு வெற்றிடம் விடாதே, பரீட்சை நடைபெறவில்லை என்று எழுது. வெற்றிடத்தைப் பார்ப்பவர் எதையோ மறைக்கிறாய் என்றுதான் நினைப்பார். அமெரிக்கப் பாடசாலைகளின் நாலு புள்ளிக் கணக்குக்கு (ஜி.பி.ஏ.) மாற்றுகிறேன் என்று இணையத்தில் கிடைக்கிற கணிப்பானைத் தட்டாதே. உன் பாடசாலை கணக்கிடாத ஒன்றை நீ கணக்கிட்டு எழுதக் கூடாது. 48ஐ 58 ஆக்குகிற வேலையும் வேண்டாம், அதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு பட்டியல் இருந்தால் உன் சங்கீதம் தன் கதையைத் தானே சொல்லிவிடும். தரம் 10 இல் மூன்று தவணையும் 80க்கு மேல், தரம் 11 இல் சரிவு, அதே தவணைகளில் வகுப்பின் அதிகூடிய புள்ளியும் சேர்ந்தே சரிந்திருக்கும். இதற்கு மேல் கட்டுரை என்னத்துக்கு?

விவரத்தாள்தான் நான் யாரைக் கண்டாலும் கத்துகிற விஷயம். வன்னியில் இருந்து போகிற விண்ணப்பத்தில் இது இருக்காது, இருந்தாலும் ஸ்தாபகர் பெயரும் பாடசாலைக் கீதமும் விளையாட்டுப்போட்டிக் கேடயங்களும்தான் இருக்கும். வேண்டியது ஒரு பக்கம். பாடசாலை எங்கே, எந்த மொழிமூலம், சாதாரண தரம் எழுதினவர்கள் எத்தனை, உயர்தரத்தில் என்னென்ன பிரிவு, கணிதப் பிரிவில் எத்தனை பேர். தொகுதிப் பாடங்களில் புத்தகத்தில் உள்ளவை எல்லாம் வேண்டாம், உன் பாடசாலையில் உண்மையில் படிப்பிக்கிறவை மட்டும். இரண்டாம் தொகுதியில் சங்கீதமும் சித்திரமும் மட்டும்தான் என்றால் அப்படியே எழுத வேண்டும். எந்தப் பாடத்துக்கு எந்தத் தவணையில் இருந்து ஆசிரியர் இல்லை என்பதும் அங்கே வரவேண்டும். அதிபர் தயங்குவார். பாடசாலையின் மானம் போகும், வலயக் கல்வி அலுவலகத்தில் கேள்வி வரும் என்பார். அவர் பாடும் பாவம்தான். ஆனால் ஆசிரியர் வெற்றிடம் அவர் செய்த பிழை இல்லை. மறைத்தால் அந்தப் பழி அப்படியே பிள்ளையின் தலையில் விழுகிறது. "தரம் 11 முதலாம் தவணை முதல் இப்பாடத்துக்கு ஆசிரியர் இருக்கவில்லை, மாணவி தானாகப் படித்துப் பரீட்சைக்குத் தோற்றினார்." இந்த ஒரு வரியை அவர் எழுதினால் அது தகவல். நீ எழுதினால் முறைப்பாடு. அவர் மாட்டேன் என்றால் மட்டும், மேலதிக விவரம் என்ற பெட்டியில் நீ இரண்டு வரி எழுது. 650 சொல் கட்டுரையை இதில் செலவழிக்காதே.

கட்டுரை என்றதும் இன்னொன்று. வன்னி என்றாலே செல்லடியை எழுது, அழவை என்று சொல்லித்தருகிறவர்களிடம் போகாதே. 2009 மே மாதத்தில் நீ கைக்குழந்தை. அது அம்மாவின் கதை, அவ சொல்ல விரும்பினால் அவ சொல்லட்டும்.

பரிந்துரைக் கடிதம் என்று கேட்டால் கந்தோரில் நற்சான்றிதழ் அடித்துத் தருவார்கள். "ஒழுக்கமும் பணிவும் உள்ளவர்" என்று. அதை வைத்து ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. கணித ஆசிரியரிடம் போய், எந்தக் கணக்கில் நீ அவருடன் வாதாடினாய் என்று ஞாபகப்படுத்து. அவர் தமிழில் எழுதட்டும், ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துத் தன் பெயரையும் கையொப்பத்தையும் இடட்டும். எதையும் உன் ஜிமெயிலில் இருந்து அனுப்பாதே. கொமன் அப்ளிகேஷனின் அழைப்பு அதிபரின் அல்லது பகுதித் தலைவரின் மின்னஞ்சலுக்குப் போகும், அவர்களே ஏற்ற வேண்டும். பக்கத்தில் இருந்து உதவலாம், அவர்களாக நடிக்கக் கூடாது.

காசு விஷயம் சுருக்கமாக. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., அம்ஹேர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டுப் பிள்ளைக்கும் பண வசதியைப் பாராமல் அனுமதி முடிவெடுத்து, தேவையான உதவியையும் தருகின்றன. அப்பா வயல் செய்கிறவர் என்றால் சம்பளப் பட்டியல் இருக்காது. கிராம அலுவலர் தந்து பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்த வருமானச் சான்றிதழை எடுத்துவை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வரவு வேறு, வருடத்துக்குக் கூட்டி எழுது.

வழமையான முடிவுத் திகதி பல இடங்களில் ஜனவரி முதல் வாரம். டிசம்பரில் பாடசாலை விடுமுறை, அதிபர் ஊரில் இருக்கமாட்டார், முத்திரை அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். நவம்பர் முடியுமுன் கையொப்பங்களை வாங்கிவிடு.

கடைசியாக, உன் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, வெள்ளியும் ஞாயிறும் என்று. செயற்பாடுகளுக்குப் பத்து இடம் தருகிறார்கள், ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் விவரிக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய், எத்தனை வருடமாக? எண்ணி எழுது. எண்ணுவதற்கு இந்த வெள்ளிக்கிழமையும் போகவேண்டி வரும்.