ஸ்டீவ் ஜாப்ஸிடமிருந்து எதைக் கற்பது, எதை விடுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மென்பொருள் குழுக்களில் 18 வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் குழுவை நடத்தும் பொறுப்பில். ஜாப்ஸைப் பற்றி எது கிடைத்தாலும் படித்துவிடும் பழக்கம் உண்டு. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், அவரிடமிருந்து ஒரே ஒரு பாடம்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

வெட்டுவதை. 1997-இல் அவர், தான் தொடங்கி 1985-இல் விட்டு வெளியேறிய ஆப்பிளுக்குத் திரும்பியபோது நிறுவனம் அந்த ஒரே நிதியாண்டில் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தில் இருந்தது. ஏகப்பட்ட மேக் கணினி மாடல்கள், எதை யாருக்கு வாங்கச் சொல்வது என்பதே குழப்பம். அவர் நான்கு கட்டம் வரைந்தார்: வீட்டில் பயன்படுத்துபவருக்கு ஒன்று, தொழிலுக்குப் பயன்படுத்துபவருக்கு ஒன்று, இரண்டிலும் மேசைக்கு ஒன்று, கையில் எடுத்துப்போக ஒன்று. அவ்வளவுதான், மற்றதெல்லாம் போகட்டும் என்றார். நியூட்டன் என்ற கையடக்கக் கணினிக்கு உயிரையே விடும் ரசிகர்கள் இருந்தார்கள், அதையும் 1998-இல் நிறுத்தினார். அந்த நிதியாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் லாபம். வெட்டியது மட்டுமே காரணம் இல்லை. ஐமேக் வந்தது, அதே வருடம் சேர்ந்த, பின்னாளில் ஜாப்ஸின் இடத்துக்கு வந்த டிம் குக் கிடங்கில் தேங்கிக் கிடந்த சரக்கைக் குறைத்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது அந்த நான்கு கட்டம்தான் என்பது என் எண்ணம்.

நம்மில் பலர் மோசமான வேலையை நிறுத்துவதையே கவனக்குவிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது யாருக்கும் கஷ்டமில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற, நாலு பேர் ஆசையாகச் செய்துகொண்டிருக்கிற ஒன்றை, இதைவிட முக்கியமானது இருக்கிறது என்பதற்காக நிறுத்துவதுதான் வயிற்றைக் கலக்கும். அதைச் செய்யும்போது அந்த நாலு பேரிடமும் நேரில் உட்கார்ந்து காரணம் சொல்லுங்கள், மின்னஞ்சலில் முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். கேட்டால் ஜாப்ஸும் இப்படித்தான் இருந்தார் என்கிறார். என்ன பதில் சொல்வது?

ஜாப்ஸ் கடுமையாகப் பேசியது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ஜெயித்தது கத்தியதால் என்பது தப்புக் கணக்கு. 1985-இல் அவருக்கும் அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் ஸ்கல்லிக்கும் மோதல் முற்றியபோது இயக்குநர் குழு ஸ்கல்லி பக்கம் நின்றது. தான் தொடங்கிய நிறுவனத்தையே விட்டு வெளியேற வேண்டி வந்தது. அந்த நாளில் அவர் பக்கம் நிற்க ஆளில்லாமல் போனதற்கு அவர் நடந்துகொண்ட விதமும் ஒரு காரணம்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். முன்பு ஒரு நிறுவனத்தில் எங்கள் தலைவர் இதே ரகம். மூணு மாதத்தில் அவரிடம் கெட்ட செய்தி கொண்டுபோவதை எல்லோரும் நிறுத்திவிட்டோம். வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே தரவு இடமாற்றத்தில் பிழை இருப்பது எங்களில் ஆறு பேருக்குத் தெரியும், நான் உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியீட்டன்று வாடிக்கையாளர்களின் பதிவுகள் கலந்துபோய், அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. அந்த மௌனம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மேனேஜரிடம் ஜாப்ஸைப் பற்றி வாதாட வேண்டாம். தனியாகப் போய், 'கூட்டத்தில் கத்தினால் பிரச்சினையைச் சொல்லப் பயமாக இருக்கிறது, அதனால் உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியவரும்' என்று சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் வேறு வேலை தேடுவதில் ஒரு தவறும் இல்லை.

கேள்வி: தொலைநோக்கு பிறவியிலேயே வருவதா? நான் கல்லூரி மாணவன், எனக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை.

தம்பி, அவருக்கும் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. 2007-இல் ஐபோன் வந்தபோது வெளியாட்கள் அதற்குள் நேரடியாகச் செயலி போட அவர் சம்மதிக்கவில்லை, இணையம் வழியாகச் செய்துகொள்ளுங்கள் என்றார். உள்ளே இருந்தவர்கள் விடாமல் வற்புறுத்தினார்கள். அதே வருடம் அக்டோபரில் மனம் மாறி அறிவித்தார், 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் 500 செயலிகளோடு திறந்தது. இன்று ஐபோன் என்றாலே செயலிதானே நினைவுக்கு வருகிறது! பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாடும் அப்படித்தான், 2001-இல் மேக்குக்கு மட்டும் என்று வந்தது. ஐபாடில் பாட்டு ஏற்ற உதவும் ஐடியூன்ஸ் மென்பொருளை விண்டோஸுக்குக் கொடுக்க அவர் நெடுநாள் மறுத்து, 2003-இல்தான் இறங்கி வந்தார்.

எதிர்த்துப் பேசும் ஆட்களைப் பக்கத்தில் வைத்திருந்ததையும், தோற்றுப்போன தன் கருத்தைக் கடைசிவரை கட்டிக்கொண்டு அழாததையும்தான் நான் அவருடைய தொலைநோக்கில் பெரிய பங்காகப் பார்க்கிறேன். இது பழகினால் வருவது.

கேள்வி: ஜாப்ஸைப் போலத் தினமும் ஒரே மாதிரி உடை போட்டால் முடிவெடுக்கும் திறன் கூடுமா?

இல்லை. பிடித்த உடையைப் போடுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் நடத்திய ஸ்டார்ட்அப்பை மூடிவிட்டேன். ஜாப்ஸையும்தான் வெளியேற்றினார்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். ஒட்டவே மாட்டேன் என்கிறது.

ஒட்டாதது நியாயம்தான். ஆப்பிள் பங்குகளை விற்ற பணம் கையில் இருந்ததால் அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லை, அதைச் சொல்லாமல் ஆறுதல் சொல்வது சரியில்லை.

ஆனாலும் அந்த 12 வருடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவர் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினி விற்கவே இல்லை என்று சொல்லலாம், 1993-இல் வன்பொருள் தயாரிப்பையே கைவிட்டார். ஆனால் அதற்காக எழுதிய இயங்குதளத்துக்காகத்தான் ஆப்பிள் நெக்ஸ்டை வாங்கியது. இன்றைய மேக், ஐபோன் இரண்டின் அடித்தளமும் அதுதான். அனிமேஷன் படம் எடுக்கும் பிக்சார் நிறுவனத்தில் 1986-லிருந்து வருடாவருடம் பணம் போட்டுக்கொண்டே இருந்தார், முதல் முழுநீளப் படம் 1995-இல்தான் வந்தது. அங்கே கதை சொல்வதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டார். 1985-இல் வெளியே போன ஜாப்ஸுக்கு அது முடிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் மூன்று வருடத்தில் எழுதிய நிரல், பழகிய ஆட்கள், தெரிந்துகொண்ட சந்தை, இதில் எது மிச்சம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இன்றைக்கே வேண்டாம், கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு.

கேள்வி: தப்பு செய்தால் தலைவர் மன்னிப்புக் கேட்கலாமா, மதிப்புக் குறையாதா?

2007-இல் ஐபோன் வந்து பத்து வாரத்துக்குள் விலையை 599 டாலரிலிருந்து 399-க்கு இறக்கினார். முதலில் வாங்கியவர்கள் கொதித்தார்கள். மறுநாளே பகிரங்கக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு 100 டாலர் மதிப்புக்குப் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்றார். பணமும் சேர்ந்து வந்ததால்தான் அந்த மன்னிப்பு எடுபட்டது.

கேள்வி: நான் இல்லாவிட்டால் குழு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ஆப்பிளில் ஒவ்வொரு வேலைக்கும் நேரடிப் பொறுப்பாளர் என்று ஒரே ஒருவர் பெயர் இருக்கும். நாளை முதல் கூட்டம் முடியும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் எழுதுங்கள், எல்லாவற்றிலும் உங்கள் பெயரே வந்தால் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். அப்புறம், ஜாப்ஸ் சிகிச்சைக்கு விடுப்பில் போனபோதெல்லாம், 2004, 2009, 2011 மூன்று முறையும், குக்தான் நிறுவனத்தை நடத்தினார். 2011 ஆகஸ்டில் பொறுப்பு முழுதாகக் கைமாறியபோது அது யாருக்கும் புதிதாக இல்லை. 'நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்காதே, சரியென்று படுவதைச் செய்' என்ற பொருளில் ஜாப்ஸ் தன்னிடம் சொன்னதாகக் குக் பலமுறை சொல்லியிருக்கிறார். நீங்கள் முதலில் ஒரு வாரம் விடுப்பு எடுங்கள், போனை எடுக்காதீர்கள். திரும்பி வந்து எது நின்றுபோயிருக்கிறதோ, அந்த வேலையை முதலில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.