கூட்டத்தில் மாறும் கருத்து: மனமாற்றமா, இணக்கமா?

கூட்டம் தொடங்கும் முன்பே உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மற்றவர்கள் பேசியதும் உங்கள் கருத்து மாறுவது மனமாற்றமா வெறும் இணக்கமா என்ற கேள்விக்கு அந்தத் தாளே விடை தரும்.

அப்படிக் கருத்து மாறுவதற்குத் தனித்து நிற்கும் தயக்கமே காரணமாக இருக்கக்கூடும். 1951இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்கு உடனிருந்தவர்கள் முன்னேற்பாட்டின்படி ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது, பங்கேற்றவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்கள் பக்கமே சாய்ந்தது. ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அந்தச் சாய்வு பெருமளவு குறைந்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆகவே உங்களைப் போலவே எண்ணும் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

மறுநாள் தனியே அமர்ந்து தாளைப் படியுங்கள். யார் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, புதிய கருத்துக்கு ஒரு காரணமாவது கூற முடிந்தால் அது மனமாற்றம். "எல்லோரும் சொன்னார்கள்" என்பது மட்டுமே எஞ்சினால் அது இணக்கம்.

ஆனால், நீங்கள் அறியாத தகவல் அவர்களிடம் உண்மையிலேயே இருக்குமானால், அவர்கள் வழியை ஏற்பதைப் பலவீனமாக எண்ண வேண்டாம்.