கப்பல் இருக்கட்டும், முதலில் வழியைப் பாருங்கள்

அமெரிக்காவின் அலாஸ்கா கரையோரம் குடும்பத்தோடு கப்பலில் போனதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். முதல் முறை கணவர், இரண்டு பிள்ளைகளோடு சியாட்டிலிலிருந்து; இரண்டாம் முறை அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொண்டு கனடாவின் வான்கூவரிலிருந்து. இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவே இல்லை. பலரும் கேட்டிருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மகன் சியாட்டிலில் இருக்கிறான், ஜூனில் எங்களை ஏழு நாள் கப்பலில் அழைத்துப் போகிறான். எங்களிடம் அமெரிக்க விசா இருக்கிறது. கப்பல் கனடாவில் சில மணி நேரம்தான் நிற்கும், அதற்குத் தனி விசா வேண்டாம் என்கிறார் முகவர். சரிதானா?
– ஒரு வாசகி, சென்னை

சரியில்லை அம்மா. இந்திய பாஸ்போர்ட் என்றால் கனடா விசா கட்டாயம் வேண்டும். கப்பலை விட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னாலும் நடக்காது, சியாட்டிலிலேயே ஏற விடமாட்டார்கள். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்த விசா தேவையில்லை, அவர்களும் பாஸ்போர்ட்டையும் கார்டையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

கப்பல் எதற்காகக் கனடாவில் நிற்கிறது என்று தெரிந்தால் முகவரிடம் நீங்களே பேசலாம். அமெரிக்காவில் 1886-இல் போட்ட ஒரு சட்டம் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றிச் சுற்றி இறக்கிவிட முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று பதிவானவை, அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் கடைசி மாலை கனடாவின் விக்டோரியாவில் நின்றுவிட்டு வருகின்றன. எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த முகவரும் தனி விசா வேண்டாம் என்றுதான் சொன்னார். நல்ல வேளையாகக் கப்பல் நிறுவனத்தின் ஆவணப் பட்டியலை நானே படித்தேன். அதன் பிறகு ஓடி ஓடி விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, சின்னவளின் விசா புறப்படுவதற்கு ஒன்பது நாள் முன்புதான் வந்தது. அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம். அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைய வேண்டியிருப்பதால் உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைவு விசாதானா என்றும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

சியாட்டிலா, வான்கூவரா? அம்மாவுக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி வரும்.
– ஒரு வாசகர், ஈரோடு

உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன், வான்கூவர். எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி எந்தக் கப்பலில் நீர்ச்சறுக்கு இருக்கிறது, எதில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்றே கேட்கின்றன, வழியைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். இந்தப் பயணத்துக்கு வழிதான் எல்லாம். வான்கூவரில் கிளம்பும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜான்ஸ்டோன் நீரிணை வழியாக வடக்கே போகின்றன. இரண்டு பக்கமும் காடும் மலையும், தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கும், ஏறின மறுநாள் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டே போகலாம். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் அந்தத் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக் கடலில் போகும். எங்கள் முதல் பயணத்தில் முதல் இரவும் மறுநாளும் நல்ல ஆட்டம், பெரியவன் எதையும் சாப்பிடவில்லை. அலாஸ்காவின் தீவுக் கூட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் அமைதி. வான்கூவர் வழியிலும் தீவுகளின் மறைவு இல்லாத குவீன் சார்லட் சவுண்ட் மாதிரி இடங்கள் உண்டு, ஆனால் சில மணி நேரத்தில் தாண்டிவிடும்.

கேபினை கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் எடுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், தொடங்கிய பிறகு கொடுத்தால் தங்காது. இஞ்சி மிட்டாய் எங்கள் அம்மாவுக்கு நன்றாகக் கேட்டது.

பால்கனி கேபின் எடுத்தே ஆக வேண்டுமா? எந்தப் பக்கம் நல்லது?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பணம் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் ஜன்னல் இல்லாத கேபினே போதும், தூங்கத்தானே போகிறோம். மிச்சமாகும் பணத்தைத் திமிங்கலம் பார்க்கப் போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் பயணத்தில் பக்கம் ஒரு பொருட்டே இல்லை, பனியாற்றின் (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பனிக்கட்டி) முன்னால் கப்பலை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார்கள். பெரியவர்கள் குளிரில் தளத்துக்கு ஏறி வர முடியாது என்றால் மட்டும் பால்கனிக்கு அர்த்தம் இருக்கிறது, அப்பாவுக்காக நாங்கள் எடுத்தது அதனால்தான்.

பனியாறு எல்லாக் கப்பலிலும் பார்க்கலாமே, நீங்கள் கிளேசியர் பே என்று அழுத்திச் சொன்னது ஏன்?
– ஒரு வாசகர், மதுரை

எல்லாப் பனியாறும் அழகுதான். எண்டிகாட் ஆர்ம் என்ற கடல் இடுக்கில் டாஸ் பனியாறு, இன்னும் வடக்கே ஹப்பர்ட் பனியாறு, எதுவும் ஏமாற்றாது. ஹப்பர்டின் முகப்பு மட்டும் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம், அதுவும் மற்றவை பின்வாங்கும்போது அது முன்னேறிக்கொண்டிருக்கிறது.

கிளேசியர் பே என்ற விரிகுடா வேறு மாதிரி. அது தேசியப் பூங்கா, ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. கப்பல் அங்கே கரையில் நிற்காது, பூங்காவின் ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டு வருவார்கள். 1794-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் பயணக் குழு அந்தப் பக்கம் வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லவே ஒன்றும் இல்லை, வாசலிலேயே பனிச்சுவர், உள்ளே 8 கிலோமீட்டர் இடுக்கு, அவ்வளவுதான். 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 48 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போயிருந்தது. இன்றைக்கு வாசலிலிருந்து பனிவரை 100 கிலோமீட்டருக்கு மேல். அதாவது நீங்கள் கப்பலில் போகும் அந்தத் தண்ணீர் முழுவதும் இருநூற்று ஐம்பது, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பனிக்கட்டி. கரையையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். வாசலில் பனி விலகி அதிக காலம் ஆனதால் அடர்ந்த காடு, உள்ளே போகப் போக மரம் குட்டையாகி, புதராகி, பாசியாகி, கடைசியில் வெறும் பாறை. காடு எப்படி உருவாகிறது என்பதை ஒரே நாளில் பின்னோக்கிப் பார்க்கிற மாதிரி.

கடைசியில் மார்ஜரி பனியாறு. ஒன்றரை கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேல் 75 மீட்டர் உயரம், நீலமாக நிற்கும். அழுத்தத்தில் காற்றுக் குமிழ்கள் வெளியேறிய கெட்டிப் பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அந்த நீலம். அங்கே கப்பல் ஒரு மணி நேரம்போல நின்றது. ஒரு துண்டு உடைந்து விழுவது கண்ணுக்குத் தெரிந்து, கொஞ்சம் கழித்து இடி மாதிரி சத்தம் வந்தது, அப்பா பால்கனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றவர் "இன்னொன்று விழுமா" என்று என்னைக் கேட்டார், அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்று துண்டுகள் விழுந்தன. அந்த நாளில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் உட்காராதீர்கள், கையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நில்லுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் உங்கள் தேதியில் அந்தக் கப்பல் கிளேசியர் பேக்குள் போகிறதா என்று பயணத் திட்டத்தில் பாருங்கள். ஒரே கப்பல் ஒரு வாரம் போகும், வேறு வாரம் போகாமலும் இருக்கலாம்.

அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி, சுத்த சைவம். வீட்டிலிருந்து சமைத்து எடுத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

சமைத்த உணவைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், ரைஸ் குக்கர், கெட்டில் எடுத்துப் போனால் வாங்கி வைத்துவிடுவார்கள். பிரிக்காத பாக்கெட்டில் பருப்புப்பொடி, முறுக்கு மாதிரி எடுத்துப் போகலாம். கப்பலிலிருந்து பழம், காய்கறியைக் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் சிக்கல். சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிட்டு, முதல் இரவு சாப்பாட்டுக் கூடத்தில் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரிலும் சொல்லுங்கள். பல கப்பல்களில் சமையலறையிலும் பரிமாறுவதிலும் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டாம் நாளிலிருந்து பருப்பும் சாதமும் தினம் வந்தது, அம்மா அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி இன்னும் விசாரிக்கிறார்.

மூட்டு வலிக்கு ஒரு விஷயம், இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கரையில் கடல் நீர்மட்டம் ஒரே நாளில் 5 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். மிதக்கும் மேடையிலிருந்து கரைக்கு ஏறும் சாய்வுப் பாலம் நீர் வற்றியிருக்கும்போது செங்குத்தாகிவிடும். ஒரு துறைமுகத்தில் சக்கர நாற்காலியை நானும் கணவரும் தள்ளி ஏற்ற முடியாமல் பாதியில் திரும்பினோம், இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஏறிய பிறகு சுலபமாகப் போனோம். கப்பலின் வரவேற்பு மேசையில் நீர் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

திமிங்கலம் பார்க்கக் கப்பலில் சொல்லும் கட்டணம் அதிகமாக இருக்கிறது. வெளியே பதிவு செய்தால் ஆபத்தா?
– ஒரு வாசகர், பெங்களூரு

ஆபத்தில்லை, ஜூனோவில் நாங்கள் வெளியேதான் பதிவு செய்தோம். ஒரே கவனம் நேரம். அலாஸ்கா நேரம் சியாட்டில், வான்கூவர் நேரத்தைவிட ஒரு மணி பின்னால். உங்கள் கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அந்த நேரத்துக்கு ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் மூலம் போகும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போனால் காத்திருக்காது. ஜூனோ ஒரு மாநிலத் தலைநகரம், ஆனாலும் வெளியூரிலிருந்து அங்கே சாலையே கிடையாது. கப்பலைத் தவறவிட்டால் விமானம்தான், அல்லது படகு. இரண்டு மணி நேரமாவது முன்னால் திரும்பி வருகிற மாதிரி பதிவு செய்யுங்கள்.

அங்கே கோடையில் வரும் ஹம்ப்பேக் திமிங்கலங்களில் பெரும்பாலானவை ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருபவை. ஹவாயில் அநேகமாகப் பட்டினி, அலாஸ்காவுக்கு வந்துதான் சாப்பாடு. சில கூட்டமாகச் சேர்ந்து, மீன்களைச் சுற்றிக் கீழேயிருந்து குமிழி விட்டு வலைபோல வளைத்து, ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். அது நமக்குக் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம், எங்களுக்குக் கிடைக்கவில்லை, வால் மட்டும் ஏழெட்டுத் தடவை.

சென்ற இதழில் வந்த கெட்சிகன் ஊர்ப் படத்தில் இருக்கும் மரத்தூண்கள் சாமியா என்று என் 11 வயது மகள் கேட்கிறாள்.
– ஒரு வாசகி, கோவை

கெட்டிக்காரப் பெண், அவளுக்கு என் அன்பு. சாமி இல்லை கண்ணு, அவற்றைக் கும்பிடுவது கிடையாது. செடார் மரத்தில் செதுக்கிய குடும்பக் கதைகள் அவை. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளில் ஒரு பெரிய சமூகம் கிளிங்கிட். அவர்களுக்குக் காகம், கழுகு என்று இரண்டு பெரும் பிரிவுகள், அதற்குள் குலங்கள். பிள்ளைகள் அம்மாவின் குலம், காகப் பிரிவில் பிறந்தவர் கழுகுப் பிரிவில்தான் பெண் எடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஒரு தூணில் இருக்கும் காகமோ கரடியோ அந்தக் குலத்துக்குச் சொந்தமான சின்னம், இன்னொரு குலம் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. இறந்தவர் நினைவாகவும் தூண் உண்டு. கெட்சிகன் பக்கத்தில் சாக்ஸ்மன் என்ற கிளிங்கிட் ஊர் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள்.

கிளேசியர் பேயும் அவர்களில் ஹூனா மக்களின் ஊர்தான். பனியாறு முன்னேறி வந்து அவர்களை அங்கிருந்து விரட்டியது. 2016-இல்தான் அந்தக் கரையில் அவர்களுக்கென்று ஒரு குலவீடு மறுபடி திறக்கப்பட்டது.

உருகும் பனியைப் பார்க்கப் புகை விடும் கப்பலில் போவது நியாயமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

எனக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. கிளேசியர் பேயில் பனி பின்வாங்கத் தொடங்கியது தொழிற்சாலைப் புகைக்கு முன்பே, 1750 வாக்கில். ஆனால் ஜூனோவின் மெண்டன்ஹால் பனியாறு இன்று சுருங்கும் வேகத்துக்கு வெப்பமாதல்தான் காரணம். அதன் பக்கத்து ஏரி உடைத்துக்கொண்டு 2023, 2024 ஆகஸ்ட் மாதங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. கப்பல்கள் எரிபொருளை எரிக்கின்றன என்பதும் உண்மை. அந்த ஊர்க்காரர்கள் சும்மா இல்லை. 2001-லேயே கப்பல்கள் எஞ்சினை நிறுத்திக் கரை மின்சாரத்தில் நிற்க உலகிலேயே முதலில் வசதி செய்தது ஜூனோதான். 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு, 2026 முதல் பயணிகள் எண்ணிக்கைக்கும் வரம்பு. நான் போனதற்கு வருத்தப்படவில்லை, ஆனால் இரண்டு முறை போதும், மூன்றாவது முறை போகப்போவதில்லை.

எந்த மாதம்? குடை எடுக்கலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

மே மாதத்தில் மழை குறைவு, மலையில் பனியும் மிச்சமிருக்கும். ஜூனில் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல். சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறுவதையும் கரடியையும் பார்க்க ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு, உள்ளே ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, நனையாத ஷூ. கெட்சிகனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,800 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல இரண்டரை மடங்கு. நாங்கள் இரண்டு தடவை போனதிலும் அங்கே நனைந்தோம், அந்த ஊர்ப் பிள்ளைகள் மழையிலேயே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.